செப்டம்பரில் டெனாலி போகிறோம், போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியில் இருந்து நானும் மச்சானும் செப்டம்பர் முதல் வாரம் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அப்போதுதான் தரையோடு படர்ந்த செடியெல்லாம் சிவந்து கிடக்கும், கொசுவும் குறைந்திருக்கும், இரவு நன்றாக இருட்டுவதால் வானம் தெளிந்திருந்தால் வடதுருவ ஒளியும் தெரியலாம். ஆனால் செப்டம்பர் பாதியோடு பூங்காப் பேருந்துகளை நிறுத்திவிடுகிறார்கள், சொந்த வண்டியை 15வது மைலுக்கு மேல் விடுவதில்லை. 2021இல் நிலச்சரிவால் 43வது மைல் பக்கம் அடைத்த சாலையைத் திறந்துவிட்டார்களா? இல்லையென்றால் அதுவரை போய்த் திரும்பினாலே கரடி, கரிபூ மான் எல்லாம் கண்ணில் படுமா?

அப்புறம் துணி. எங்களுக்குத் தெரிந்த குளிர் ஏலகிரி மார்கழிக் குளிர்தான், அங்கே செப்டம்பரிலேயே பனி விழுமாம். மச்சானோ பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய, முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டரே போதும் என்று பெட்டியில் வைத்துவிட்டார். நல்ல ஜாக்கெட் ஆங்கரேஜில் வாடகைக்குக் கிடைக்குமா? கூடாரத்தில் தங்கினால் புளிக்காய்ச்சலைக்கூடக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும் போல, அதை எங்கே வாங்கினீர்கள்?