கல்லில் ஒட்டியிருக்கும் ஓடு எதைச் சாப்பிடுகிறது?

கேள்வி: வெள்ளவத்தைக் கடற்கரைக் கற்களில் குட்டி எரிமலை மாதிரி ஓடுகள் அப்பிக் கிடக்கின்றனவே (என் காலைக் கிழித்த கோபம் இன்னும் தீரவில்லை), நகரவே நகராத இது எப்படிச் சாப்பிடும்?

பதில் 1: அது கொட்டலசு. சிப்பி இனம் இல்லை, இறாலுக்குச் சொந்தம். தலைப்பக்கத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் மூடியதும் ஓட்டைத் திறந்து 6 சோடி இறகுக் கால்களை விசிறி போல நீட்டி, மிதக்கும் நுண்ணுயிர்களை வாரி உள்ளே இழுக்கும். அலை வடிந்தால் கதவைச் சாத்திவிடும்.

பதில் 2: அப்போ மட்டியும் காலால்தானா?

பதில் 1: இல்லை, மட்டி செவுளால் தண்ணீரை வடிக்கும். சாக்கடை விழும் இடத்து மட்டியைச் சட்டியில் போடாதீர்கள், அழுக்கும் அதற்குள்தான்.

பதில் 3: மிரிஸ்ஸப் பக்கம் வரும் நீலத் திமிங்கிலமும் வடிகட்டிதான், அங்கே அதன் முக்கிய இரை குட்டி இறால்!