ஊருக்கு வந்த கடிதங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. ஊரிலிருந்து போனவை எங்கே?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் 18 நாள் இருந்துவிட்டு வந்தேன். அதில் பாதி நாள் நம் பள்ளிக்கூடத்தில்தான் கழிந்தது. நாம் மூன்றாம் வகுப்பு படித்த ஓட்டுக் கட்டடத்தை ஊர் வரலாற்று அறையாக மாற்றியிருக்கிறார்கள் என்று செயலாளர் அண்ணன் முன்பே இந்தக் குழுவில் எழுதியிருந்தார். உங்களில் பலர் இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

அறைக்குள் போனதும் கண்ணில் படுவது பழைய மேசையும் கரும்பலகையும். அப்புறம் அரிக்கேன் விளக்கு, மைக்கூடு, கட்டைப் பேனா, விளிம்பு உடைந்த சிலேட்டு. சிலேட்டைக் கோவை இலையும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தது நினைவிருக்கிறதா? இப்போதுள்ள பிள்ளைகள் அதைச் செய்து பார்த்து, பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. யார் வீட்டுப் பொருள், யார் புழங்கினார்கள், எதற்கு, எதுவரைக்கும் என்று நாலே வரி. சமூக அறிவியல் டீச்சர் சீட்டில்லாமல் ஒரு பொருளையும் உள்ளே வாங்குவதில்லை. அது மிகவும் சரி. சீட்டு இல்லாத, நெல் அளக்கும் மரக்காலைப் பழைய இரும்புக் கடையில்கூடப் பார்க்கலாம்.

மரக்கால் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அங்கே இரண்டு மரக்கால் இருக்கின்றன. இரண்டும் ஒரே பண்ணை வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றில் சர்க்கார் முத்திரை இருக்கிறது, மற்றதில் இல்லை. பிள்ளைகள் இரண்டிலும் நெல்லை நிரப்பி அளந்திருக்கிறார்கள். முத்திரை இல்லாததில் ஓர் உழக்குக்கு, அதாவது கால் படிக்கு மேல் குறைகிறது. நம் பாட்டன்மார் காலத்தில் இந்த ஜில்லா முழுக்க இருந்த குறை இது: நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால். முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பது விவசாயிகள் சங்கம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 1944 டிசம்பரில் மிராசுதார்களுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இடையே மன்னார்குடி ஒப்பந்தம் வந்த பிறகுதான், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணம் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைப்பது) எழுத்தில் முடிவுக்கு வந்தன. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதையெல்லாம் நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு மரக்காலையும் தூக்கிக் காட்டி, குறைந்த நெல்லைக் கையில் அள்ளி என்னிடம் நீட்டியபோது படித்ததெல்லாம் வேறாகத் தெரிந்தது. அந்த மரக்காலைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்த குடும்பத்தாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஒளித்து வைத்திருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

பத்திரங்களும் கொஞ்சம் உண்டு. நிலத்தை வேலி, மா, குழி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏக்கர், சென்ட் வந்து எத்தனையோ காலமாகியும் ஊரில் நிலத்தை இன்றைக்கும் மாக்கணக்கில்தான் பேசுகிறார்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கும் வேலையே இல்லை, அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். ஆனால் வீசம், மாகாணி, அரைக்கால் என்ற பழைய பின்னங்கள் எல்லாம் அவர்களுக்குப் புதிது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு போனது. அடுத்து கிலோவும் லிட்டரும் வந்தன. தாத்தா பாட்டிகள் வாயில் இருந்த பின்னக் கணக்கும் அதோடு போய்விட்டது. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அதில் சாதி, தகப்பனார் தொழில் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. அதைப் பார்வைக்கு வைக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தது நல்லது. தன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு வருபவருக்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். என்னை அங்கே இத்தனை நாள் உட்கார வைத்தவை அவைதான்.

வடக்குத்தெருவில் ஒரு பாட்டியின் ட்ரங்குப் பெட்டியை அவர் பேத்தி பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார். பினாங்கில் இருந்த கணவர் அனுப்பிய கடிதங்கள் அதில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மணியார்டர் கூப்பன்கள், கீழே இரண்டு வரி எழுதக் கொடுக்கும் அந்தச் சின்ன இடத்தில் பொடி எழுத்தில் பத்து வரி. கப்பல் பயணச் சீட்டு ஒன்று. ரஜூலா கப்பலை நம் வீடுகளில் பேர் சொல்லியே பேசுவார்கள், ஒரு உறவுக்காரர் மாதிரி. 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் அது கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்கள் படகில் போய் ஏறுவார்கள். அதற்கப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. எங்கள் தெருவில் அன்றைக்கு அழுகை ஓயவில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு கட்டு வாழைமர நோட்டும் இருக்கிறது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தபோது அச்சடித்த பத்து டாலர் நோட்டு. சண்டை முடிந்த மறுநாளே அதற்கு மதிப்பில்லை. மதிப்பில்லாத அந்தக் கட்டை அவர் ஊர்வரைக்கும் பத்திரமாக அனுப்பியிருக்கிறார், அதை அந்த அம்மாளும் சாகும்வரை பத்திரமாக வைத்திருக்கிறார். கூலியாக வாங்கிய காசு, எறிய மனம் வந்திருக்காது.

பிள்ளைகள் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினார்கள். 1941 நவம்பரோடு நிற்கிறது. அடுத்த கடிதம் 1946-இல்தான். 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது, தபால் நின்றது, அப்புறம் எத்தனையோ பேரைச் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் ஒரு தாளும் வரவில்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் எதையும் நிரப்பாமல், அலமாரியில் ஓர் அடி இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நான் அங்கே நின்று பார்த்தவற்றில் அதைவிட நல்ல காட்சி இல்லை.

அப்போது ஒன்று உறைத்தது. இந்த அறையில் இருக்கும் கடிதங்கள் எல்லாம் வெளியிலிருந்து ஊருக்கு வந்தவை. பினாங்கு, ரங்கூன், சிங்கப்பூர், பிறகு துபாய். ஊரிலிருந்து போன கடிதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பெறுபவர் அந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பி வந்ததால் மிஞ்சிய ஏரோகிராம், மடித்து ஒட்டும் விமானத் தபால் தாள். 1978-இல் துபாய்க்குப் போட்டது. எழுத்து என் அப்பாவுடையது.

பெரியவர்களுக்குத் தெரியும், சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா நம் ஊர் தபால்காரர். கடிதத்தைக் கொடுப்பதோடு வேலை முடியாது. திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும், பதிலையும் அவரே எழுத வேண்டும். பள்ளி விட்டதும் நான் அவரோடு போவேன். நலம், நலமறிய அவா என்று தொடங்கிவிட்டு, "சொல்லுங்க ஆச்சி" என்று நிமிர்வார். மேட்டூர் திறந்தாச்சா, குறுவை நட்டாச்சா, ஏடிடி 27 நெல் எத்தனை மூட்டை கண்டது, சினைமாடு எப்போது ஈனும், யார் வீட்டில் என்ன விசேஷம், யார் தவறிப்போனார்கள். பணம் வேண்டும் என்பதை மட்டும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஓட்டைப் பிரித்து மேய வேண்டியிருக்கிறது என்பார்கள். அப்பா அதை அப்படியேதான் எழுதுவார், திருத்த மாட்டார்.

ஆக, நம் ஊரைப் பற்றி நம் ஊர்ப் பெண்கள் சொன்னதெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வெளியே போய்விட்டது. அது இன்றைக்கு நம் வீடுகளில், நம் தகப்பனார், தாத்தா விட்டுப்போன பெட்டிகளில்தான் இருக்க வேண்டும். அறையில் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதி நம்மிடம்.

அதனால்தான் கேட்கிறேன். பரண்மேல், கட்டிலுக்கடியில், ஸ்டோர் ரூமில் இருக்கும் பெட்டிகளைத் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள். கடிதங்களை அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அவை உங்கள் குடும்பத்துச் சொத்து. போன் கேமராவில் படம் பிடித்து அனுப்பினாலே போதும். ஆனால் உறையையும் இரண்டு பக்கமும் எடுங்கள். தபால்காரர் மகள் சொல்கிறேன், உறை முக்கியம். போட்ட ஊரின் முத்திரை முன்பக்கம் இருக்கும், வந்து சேர்ந்த முத்திரை பல நேரம் பின்பக்கம் இருக்கும். ஒரு செய்தி எத்தனை நாள் கடலில் கிடந்தது என்பதை அவைதான் சொல்லும். குடும்பத்துக்குள் இருக்க வேண்டியதை விட்டுவிடுங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதை டீச்சர் அப்படியே கடைப்பிடிப்பார். யாருடைய கடிதம், யாருக்கு, யார் எழுதிக் கொடுத்தது என்ற சீட்டும் கூடவே வர வேண்டும்.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்பாவின் வேலை உத்தரவை நான் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கினேன். இப்போது உள்ளே தாள் பழுத்துக் கிடக்கிறது, பிரிக்கவும் முடியவில்லை. செல்லோ டேப், குண்டூசி, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஏட்டுச் சுவடிக்குப் போடுவது போல வசம்பும் போடலாம்.

வளைகுடாவில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினோம் அல்லவா? வீட்டிலிருந்தும் பேசி அனுப்பினார்கள். அம்மா பேசுவாள், பின்னால் கோழி கத்தும், யாரோ வந்து "டேப்பு ஓடுதா" என்று கேட்பார்கள். அந்தக் கேசட்டை இன்றைக்குப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுச் சும்மா கேட்டுப் பார்க்காதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துவிடும். கணினியில் பதிவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, முதல் தடவை ஓடும்போதே பதிவு செய்துவிடுங்கள். இந்தக் குழுவிலேயே அது தெரிந்தவர்கள் உண்டு என்று நினைக்கிறேன், கை தூக்குங்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது ஊரில் எத்தனை கூரை போனது என்று உங்களுக்குத் தெரியும். கூரை வீட்டில் இருந்த கடிதமும் பத்திரமும் போட்டோவும் அன்றைக்கு ஒரே இரவில் கூழாகிவிட்டன. அறையில் ஓட்டு வீட்டுப் பொருள்கள் நிறையவும் குடிசை வீட்டுப் பொருள்கள் குறைவாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர் அரிவாள் இரண்டு, கஞ்சிக் கலயம் ஒன்று, பனையோலைப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான் இருக்கின்றன. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள்தான் ஊரில் பெரும்பாலோர். தெற்குத்தெருவிலிருந்து மலேசியாவுக்குப் போன குடும்பங்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தா கொண்டுபோன துண்டு, டிபன் கேரியர், தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதுவாக இருந்தாலும் அதற்கு அங்கே முன் வரிசையில் இடம் வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார்.

இதெல்லாம் பெரிய பொருளா என்று சிலர் கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட விடாமல் சேர்த்து வைத்தார். அந்தத் தொகுப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே தொடங்கினார்கள். கீழடியில் 1970களிலேயே ஒரு பள்ளி ஆசிரியர், கிணறு தோண்டியபோது கிடைத்ததை மாணவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டு, சேர்த்து வைத்துத் தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். நம் டீச்சர் செய்வதும் அதே வேலைதான்.

ஜூனில் மறுபடி போகிறேன். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பொருளாக எதைக் கொடுப்பதானாலும் மே மாதக் கடைசிக்குள் என்னிடம் சேர்த்தால் கையோடு கொண்டுபோகிறேன்.

கடைசியாக, பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் வடக்குத்தெரு குடும்பத்தாருக்கு. அந்த ட்ரங்குப் பெட்டி அம்மாளின் கணவர் 1951-இல் அங்கேயே காலமானார். அவர் சாமான்கள் தம்பி வீட்டுக்குப் போனதாகப் பேத்தி சொல்கிறார். 1946-இல் அவர் எழுதிய முதல் கடிதத்தில், சண்டை முடிந்த பிறகு நீ போட்ட நான்கு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன என்று இருக்கிறது. அந்த நான்கும் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தபால்காரர் மகள், கீழத்தெரு
சிங்கப்பூரிலிருந்து