மறு: குத்துச்சண்டையில் 'ஸ்டான்ஸ் மாத்துறது' – கலைச்சொல் தேவை

அன்புடையீர்,
பயிற்றுநர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இடக்கால் முன்னிருந்தால் இடமுன் நிலை, வலக்கால் முன்னிருந்தால் (சௌத்பா) வலமுன் நிலை என்று எழுதியாயிற்று. ஆட்டத்தின் நடுவே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதை என்ன சொல்வது? 'நிலைமாற்றம்' என்றால் பனிக்கட்டி உருகுவதும் அதுதான்.
– செ.

செ. ஐயா,
கால்மாறல். மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறாரே, திருவிளையாடற் புராணம் அதைக் கால்மாறி ஆடியதாகத்தானே சொல்கிறது? கையிலிருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடவேண்டும்?
– ந.

> கால்மாறல்

'கான்மாறல்' என்றல்லவா புணரும்? 'மெலி மேவின் னண' என்பது நன்னூல்; மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும். திருவிளையாடல் பாடிய பரஞ்சோதியார் படலமும் 'கான்மாறியாடின'தான். வினைத்தொகையாக 'மாறுகால்' என்றால் முக்காலமும் அடங்கும், சந்திச் சிக்கலும் இல்லை.
– மு.

மு. ஐயா, மாறுகால் மாறுகை வாங்குவது (ஒரு பக்கக் காலையும் மறுபக்கக் கையையும் வெட்டுவது) பழைய தண்டனை! பயிற்சிக்கு வரும் பிள்ளை ஓடிவிடும். இரு கையாலும் அம்பெய்த அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று பேர் உண்டே?
– இரா.

வடசொல் வேண்டாம் என்று போன மாதமே முடிவானது.
– மு.

முதலில் வினையைப் பாருங்கள். இதில் இரண்டு செயல் இருக்கிறது.

ஒன்று, எட்டாத தூரத்தில் நின்று காலை மாற்றுவது. எதிராளி இடமுன் நிலையில் இருக்க, நாம் வலமுன் நிலைக்குப் போய் நம் வலப்பாதத்தை அவர் இடப்பாதத்துக்கு வெளியே வைத்தால், பின்கையான இடக்கைக்கு நேர்வழி திறக்கும். அவர் ஈரல் வலப்பக்கம் என்பதால் உடம்புக்கும் அதே கை. 2014இல் ஒமாஹாவில் கம்போவாவிடம் தொடக்கத்தில் திணறிய கிராஃபோர்ட், இப்படி மாறியபிறகு 9ஆம் சுற்றில் முடித்தார். 1987இல் ஹேக்லர் லெனர்டுக்கு எதிராகப் பழகிய வலமுன் நிலையை விட்டு இடமுன் நிலையில் தொடங்கி, முதல் சுற்றுகளைக் கொடுத்துவிட்டார். நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பில் தோல்வி.

மற்றது, குத்தோடு காலும் போவது. வலக்கை வீசும்போதே வலக்கால் முன்னே வரும். ஊன்றியதும், பின்னுக்குப் போன இடக்கை இடுப்புத் திருப்பத்தோடு பாயும். 1897இல் கார்சன் சிட்டியில் ஃபிட்ஸிம்மன்ஸ் கார்பெட்டை 14ஆம் சுற்றில் மேல்வயிற்றில் அடித்து வீழ்த்தியது இவ்வகை.

ஆபத்து நடுவழியில். இரு பாதமும் ஒரே கோட்டுக்கு வரும் அந்தக் கணத்தில் மார்பு முழுதும் திறந்திருக்கும், ஒரு ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) பட்டாலே மல்லாந்துவிடலாம். முதல் குத்து எதிராளியைப் பின்வாங்கவோ கைகளால் மூடிக்கொள்ளவோ வைக்கவில்லையென்றால் கால் நகரக்கூடாது. தாவக்கூடாது, பாதம் தரையை உரசியபடி போகவேண்டும். புதிய முன்கை முகத்துக்கு முன் வந்துவிட்டதா என்பதைப் பலர் மறக்கிறார்கள்.
– கா.

அப்படியானால் தன்வினையும் பிறவினையும் இரண்டுமே வேண்டும். வேண்டுமென்று செய்தால் கால்மாற்று. விரட்டப்பட்டுப் பின்வாங்கும்போது பாதம் தானாக இடம் மாறிப்போனால் கால்மாறல், அது பிழை. கா. சொன்ன இரண்டாவது வகைக்குக் கால்மாற்றுக் குத்து.
– ந.

சரி. வடசென்னைப் பிள்ளைகள் எப்படியும் 'ஸ்டான்ஸ் மாத்து' என்றுதான் கத்துவார்கள். 'கால் மாத்து' அதற்குப் பக்கத்திலாவது நிற்கிறது.
– இரா.

கால்மாற்று, கால்மாற்றுக் குத்து, கால்மாறல் (பிழை) மூன்றையும் சேர்த்துவிட்டேன். சிலம்பத்தில் காலடி வைப்பைக் குறிக்கும் 'சுவடு' என்ற சொல் கையேட்டின் அடிவைப்பு அதிகாரத்துக்குப் போகிறது.
– செ.

கான்மாற்று. என் மறுப்பு அப்படியே இருக்கிறது.
– மு.