புதுப்பிப்பு: பெரியம்மாவின் தாலாட்டு கேசட்டுகள்

பெரியம்மா பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு கேசட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஐந்தில் நான்கு பிழைத்துவிட்டன. ஐந்தாவதில் வெள்ளைப் பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயரும் கெடும் என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தது. நீங்கள் சொன்னபடி, பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைத் துளித் துளியாகத் திருப்பினேன். தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரை அடுக்கிப் பாடுகிற இடத்தில், தொட்டிலை ஆட்டும் கையின் வளையல் சத்தம்கூடக் கேட்டது! கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அந்த நான்கையும் ஒலித்தரம் குறையாத 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக்கி இரண்டு இடத்தில் வைத்தேன். இரைச்சல் நீக்கியது வேறு பிரதி.

நான் எழுதும் சிறுவர் மாயக்கதை நாவலில் தாலாட்டின் அந்த மாமனும் வருகிறார். அவரைச் சேர்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன், சரி என்றார்.