ஃபார்மேட் செய்யாமல் விளம்பர நிரலை நீக்க வழி உண்டா?

பொதிகை_அச்சு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் தட்டச்சு, நகலெடுப்பு, அழைப்பிதழ் வடிவமைப்பு ஆகிய வேலைகளைச் செய்யும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கடையில் இருப்பது விண்டோஸ் 10 நிறுவிய ஒரே கணினிதான். இரண்டு வாரங்களாக அதன் திரையின் வலது கீழ்மூலையில், கணினியில் 5 வைரஸ்கள் இருப்பதாகவும் உடனே நீக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் அறிவிப்புகள் ஓயாமல் வந்து விழுகின்றன. நேற்று ஒரு திருமணப் பத்திரிகையை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மணமகன் வீட்டார் அருகில் அமர்ந்திருக்க, பத்திரிகையின் மேலேயே ஓர் ஆபாச விளம்பரம் வந்து நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் திரையையே அணைத்துவிட்டேன்.

இது போதாதென்று, குரோம் உலாவியில் எதைத் தேடினாலும் கணநேரம் வேறொரு முகவரி தோன்றி மறைந்து, நான் அறியாத ஒரு தேடல் பக்கம் திறக்கிறது. நீட்சிகளின் (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்கள், எக்ஸ்டென்ஷன்) பட்டியலில் நான் நிறுவாத ஒன்று இருக்கிறது. மற்றவற்றுக்கு இருக்கும் நீக்கும் பொத்தான் அதற்கு மட்டும் இல்லை. குரோமையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். மறுநாள் காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டபோது அந்த நீட்சியும் திரும்பி வந்திருந்தது.

பழுது பார்ப்பவரிடம் கேட்டால் ஃபார்மேட் செய்துவிடலாம் என்கிறார். கோப்புகளை வன்தட்டில் காப்பு எடுத்துவிடுவேன். ஆனால் பழைய பேஜ்மேக்கரையும், பாமினி தொடங்கி ஆண்டுக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்களையும் மறுபடி நிறுவிச் சரிசெய்ய ஒரு வாரம் பிடிக்கும். முகூர்த்த மாதத்தில் அது இயலாத காரியம். இது வைரஸ்தானா, எப்படி வந்தது, ஃபார்மேட் இல்லாமல் நீக்க முடியுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணிமேசை எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்வதில் ஒன்றல்ல, இரண்டு நோய்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி மருந்து கொடுப்பதால்தான் பலருக்கு இது தீராமலே போகிறது. ஆகையால் எதையும் நீக்கத் தொடங்கும் முன், ஒவ்வொரு விளம்பரமும் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுவோம்.

மூலையில் வந்து விழும் அறிவிப்பை மூட அவசரப்படாமல் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதன் மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் குரோமின் பெயரும், செய்திக்கு அருகில் ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரியும் இருந்தால், அது வைரஸும் அல்ல, வைரஸ் எதிர்ப்பு நிரலும் அல்ல. ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் இயந்திரம் இல்லை என்பதை உறுதிப்படுத்த அலோவ் என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருப்பார்கள், யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு சொடுக்கு, அத்தளம் நினைத்த நேரத்தில் உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பக் கொடுத்த அனுமதிச்சீட்டு. கணினியில் புதிதாக ஒரு கோப்பும் நிறுவப்படாததால் வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் பெரும்பாலும் இதில் எதையும் காண்பதில்லை. குரோம் அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குள் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். உங்களுக்குத் தெரியாத ஒவ்வொன்றையும் அங்கிருந்து நீக்குங்கள். அதே பக்கத்தில், எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்றும் அமைத்துவிடலாம்; கடைக் கணினிக்கு அதுவே நல்லது.

நீக்கும் பொத்தான் இல்லாத நீட்சி வேறு வகை. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே இடத்திலிருந்து மேலாண்மை செய்வதற்காகக் குரோமில் 'பாலிசி' என்றொரு வசதி இருக்கிறது. நிர்வாகி கட்டாயமாக்கிய நீட்சியைப் பயனர் நீக்க முடியாது. விளம்பர நிரல் எழுதுபவர்கள் உங்கள் கணினியில் அந்த நிர்வாகியின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று இட்டு, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பிறகு பாலிசி என்று தட்டுங்கள். அங்கே என்ன தெரிகிறது என்று இங்கே எழுதுங்கள். கடைக்கென்று நிர்வாகி எவரும் இல்லாதபோது அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்க வேண்டும். சில வைரஸ் எதிர்ப்பு நிரல்களும் அங்கே ஒரு வரி எழுதி வைப்பதுண்டு என்பதால், பார்த்தவுடன் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அறிவிப்பில் தொலைபேசி எண் ஏதேனும் வந்தால் அதற்கு அழைக்க வேண்டாம். விளம்பரத்தோடு முடிய வேண்டிய விவகாரம், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற நிரல் வழியாகக் கணினியையே அடுத்தவர் கையில் கொடுப்பதில் போய் முடியும். ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

பொதிகை_அச்சு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அறிவிப்புப் பட்டியலில் 14 தளங்கள் இருந்தன. ஒன்றின் பெயரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாவற்றையும் நீக்கி மூன்று மணி நேரம் ஆகிறது. மூலையில் ஒன்றும் வரவில்லை. பரீட்சை முடிவு பார்க்கவும் படம் தரவிறக்கவும் கடைக்கு வரும் பிள்ளைகள் அழுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறேன். நானே அழுத்தியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

பாலிசி பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்று ஒரு வரி இருக்கிறது. அதன் மதிப்பாக 32 சிறிய ஆங்கில எழுத்துகள், இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. குரோமின் மெனுவைத் திறந்தால் அடியில், இவ்வுலாவி உங்கள் நிறுவனத்தால் மேலாண்மை செய்யப்படுகிறது என்றும் வருகிறது. என் நிறுவனத்தில் நானும் ஓர் உதவியாளரும்தான் ஐயா.

கணிமேசை எழுதியது:

ஃபோர்ஸ்லிஸ்ட் என்பது கட்டாயமாக நிறுவும் நீட்சிகளின் பட்டியல்; அந்த 32 எழுத்துகள்தாம் நீட்சியின் அடையாளம். நீட்சிகள் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கினால் ஒவ்வொரு நீட்சிக்கும் கீழே அதன் அடையாளம் தெரியும். இரண்டும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.

இனி நீக்கும் வேலை. இதில் வரிசைதான் முக்கியம். நீட்சி வெறும் கிளை. அதை மறுபடி மறுபடி நடுகிற கை வேறோர் இடத்தில் இருக்கிறது. கை இருக்கும்வரை கிளையை வெட்டிப் பயனில்லை என்பதை உங்கள் குரோம் மறுநிறுவலே காட்டிவிட்டது.

முதலில் குரோமில் கூகுள் கணக்கின் ஒத்திசைவை, அதாவது உலாவியின் அமைப்புகளையும் நீட்சிகளையும் கணக்கில் சேமித்து மற்ற கருவிகளுக்கும் கொண்டுசெல்லும் வசதியை, நிறுத்துங்கள். அடுத்து கன்ட்ரோல் பேனலில் நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதியின்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி நீங்கள் அறியாத நிரல் ஏதேனும் இருக்கும். பிடிஎஃப் மாற்றி, வானிலை, உலாவி உதவியாளர் என்று சாதுவான பெயரோடுதான் பெரும்பாலும் இருக்கும். அதை நீக்குங்கள். நீக்கும்போது 'வேண்டாம் என்று நீக்குகிறீர்களா, அல்லது வைத்துக்கொள்கிறீர்களா' என்று குழப்பும் வகையில் பொத்தான்களை மாற்றி வைத்திருப்பார்கள், நிதானமாகப் படியுங்கள்.

பிறகு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து அதன் நூலகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், அச்சுப்பொறி நிறுவனம் ஆகியவற்றின் புதுப்பிப்புப் பணிகள் அங்கே இருப்பது இயல்பு. ஆனால் ஒரு பணியின் செயல் பகுதியில் பவர்ஷெல் (விண்டோஸுக்கு எழுத்துவழிக் கட்டளையிடும் கருவி) என்ற சொல்லும், அதை அடுத்துப் படிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரமும் இருந்தாலோ, நிரல்கள் தம் தரவை வைக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் பெயர் தெரியாத கோப்பை அது இயக்கினாலோ, நாம் தேடும் கை அதுவாகவே இருக்கக்கூடும். 2022-இல் பரவிய குரோம்லோடர் என்ற நிரல் இப்படித்தான் இயங்கியது; திருட்டு விளையாட்டும் திரைப்படமும் என்று சொல்லி ஐஎஸ்ஓ என்ற வட்டுநகல் கோப்பாக உள்ளே வந்து, டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியை எழுதி வைத்து, அதன் வழியாக நீட்சியை ஏற்றிக்கொண்டது. பணியை அழிக்கும் முன், அது சுட்டும் கோப்பின் இடத்தைக் குறித்துக்கொண்டு அக்கோப்பையும் அழிக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். அதைத் திருத்தும் ரெஜெடிட் நிரலில், லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கினால் அந்த ஃபோர்ஸ்லிஸ்ட் இருக்கும். கரன்ட் யூசர் கிளையிலும் இதே பாதையைப் பாருங்கள். அழிக்கும் முன் வலப்பொத்தானை அழுத்தி எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் குரோமை மூடித் திறந்து, நீட்சியை நீக்கி, அமைப்புகளில் ரீசெட் கொடுங்கள். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது.

கடைசியாக, கண்ணுக்குத் தப்பியவற்றுக்காக விளம்பர நிரல்களைத் தேடி நீக்கும், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி ஒருமுறை ஓடவிடுங்கள். அது இலவசம், நிறுவவும் தேவையில்லை. அதற்கும் முன்பாக விண்டோஸிலேயே இருக்கும் வைரஸ் எதிர்ப்பு நிரலான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியலை, அதாவது விலக்குப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சில நிரல்கள் உள்ளே வந்ததும் தம் கோப்புறையை அதில் சேர்த்துக்கொள்கின்றன. அப்படிச் சேர்த்திருந்தால் டிஃபெண்டர் நூறு முறை தேடினாலும் அந்தக் கோப்புறைக்குள் எட்டிப் பார்க்காது.

நெடுவழி எழுதியது:

கணிமேசை ஐயா சொன்னதோடு ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என்னைக் கேட்டால் இத்தனை இடங்களில் தேடித் துருவுவதைவிட ஃபார்மேட் செய்வதே பாதுகாப்பு. ஒரு நிரல் நிர்வாகி உரிமையோடு ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கிறது என்றால், வேறு என்னென்ன செய்திருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மேலும் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் விண்டோஸ் 11-க்கு மாற இதையே வாய்ப்பாகக் கொள்ளலாம்.

கணிமேசை எழுதியது:

முகூர்த்தம் முடிந்ததும் மாறட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபார்மேட் செய்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கைதான் எனக்கு ஏற்பில்லாதது. பயனரே ஏதோ ஒரு நாளில் சேர்த்த தீய நீட்சியும், மாற்றப்பட்ட தேடுபொறியும் கூகுள் கணக்கில் ஒத்திசைந்து கிடந்தால், புதிய கணினியில் உள்நுழைந்த சில நிமிடங்களில் அவையும் வந்து இறங்கிவிடும். பணம் கொடுத்து ஃபார்மேட் செய்த மறுநாளே 'மறுபடியும் வந்துவிட்டது' என்று எழுதுபவர்களை இங்கேயே பார்த்திருக்கிறோம்.

நீங்கள் எழுப்பிய கவலையில் ஒரு பாதி மிகச் சரியானது. பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் உரிமை பெற்ற நீட்சி, விளம்பரம் மட்டும்தான் காட்டியது என்று எண்ண நமக்கு ஆதாரம் இல்லை. பொதிகை ஐயா கடையில் ஆதார் தரவிறக்கமும் தேர்வு விண்ணப்பமும் செய்து கொடுப்பவராக இருந்தால், பிறருடைய கணக்குகளும் அந்த உலாவி வழியாகப் போயிருக்கும். ஆகவே உங்கள் மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைக் கைப்பேசி போன்ற வேறொரு கருவியிலிருந்து மாற்றி, பழைய உள்நுழைவுகள் அனைத்தையும் வெளியேற்றிவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு இனி விருந்தினர் முறையில் (கெஸ்ட் மோட்) ஒரு தனிச் சாளரத்தைத் திறந்து கொடுங்கள்.

வைகைத்_தட்டச்சர் எழுதியது:

எப்படி வந்தது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். நானும் இதே தொழில்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பு புதிய எழுத்துருவில் இருக்கும். உடனே எழுத்துருவையோ மாற்றியையோ தேடி, வந்த முதல் முடிவைச் சொடுக்குவோம். அந்தப் பக்கத்தில் பச்சை நிறத்தில் நான்கு 'டவுன்லோடு' பொத்தான்கள் இருக்கும். மூன்று விளம்பரம், உண்மையானது பெரும்பாலும் சாயமே இல்லாத சிறிய எழுத்து. எழுத்துரு என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பாக வரவேண்டும். சில நேரம் ஜிப்பாக வரும். எக்ஸி (நிரலை இயக்கும் கோப்பு) என்ற பின்னொட்டோடு எழுத்துரு வந்தால் நான் அதைத் தொடுவதில்லை. தட்டச்சுக்கென்று தனியாக ஏதும் தேடவும் அவசியமில்லை. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பு முதல் தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே இருக்கிறது.

தேடலின் உச்சியில் வரும் விளம்பர முடிவுகளையும் நம்ப வேண்டாம். புகழ்பெற்ற நிரல்களின் பெயரில் போலிப் பக்கங்களை விளம்பரமாக இடுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அவர்களே அறிவுறுத்தினார்கள்.

அதற்காக நல்ல இடத்தில் இறக்கியதெல்லாம் தூய்மை என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் நிரல்களைத் தரவிறக்கத் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் கிம்ப் என்ற படத் திருத்தியின் விண்டோஸ் நிறுவியைத் தானே விளம்பர நிரலோடு பொதிந்து கொடுத்தது பெரிய சர்ச்சையானது. மறு ஆண்டு தளம் கைமாறியபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதே 2015-இல், லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் தொழிற்சாலையிலிருந்தே ஏற்றப்பட்டு வந்தது வெளியானது. வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழை அது நுழைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய 'கிரேட் சஸ்பெண்டர்' நீட்சி 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட, 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுள் அதை முடக்கியது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த நீட்சி இன்று திடீரென்று கூடுதல் அனுமதி கேட்டால் நான் நீக்கிவிடுவது அதனால்தான்.

நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே குறியிடப்பட்ட பெட்டிகளை எடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப், பிரௌசர் கட்டுப்பாடு என்ற பகுதிக்குள் 'தேவையற்ற நிரல்களைத் தடு' என்ற பொருள்படும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். உதவியாளருக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுப்பதும் நல்லது. ஆனால் நீட்சி நிறுவ நிர்வாகி உரிமை தேவைப்படுவதில்லை என்பதால் அதை முழுக் காப்பாக எண்ண வேண்டாம்.

பொதிகை_அச்சு எழுதியது:

கடையை மூடிவிட்டு இரவு 11 மணி வரை அமர்ந்து சொன்ன வரிசையிலேயே செய்தேன். நிரல்கள் பட்டியலில் பிடிஎஃப் இணைப்பான் ஒன்று, தொல்லை தொடங்குவதற்கு முந்தைய நாள் நிறுவப்பட்டதாக இருந்தது. உதவியாளரைக் கேட்டால், ஒரு வாடிக்கையாளரின் இரு கோப்புகளைச் சேர்க்க இறக்கியதாகச் சொன்னார். டாஸ்க் ஷெட்யூலரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பவர்ஷெல்லை எழுப்பும் பணியும் இருந்தது. டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் ஆப்டேட்டா கோப்புறை முழுவதுமே சேர்க்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். ஆட்வ்கிளீனர் மேலும் ஏழு பதிவுகளைக் காட்டியது. இன்று காலை நீட்சி திரும்பவில்லை; பாலிசி பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் மீதி. ஸ்டார்ட் மெனுவிலிருந்து குரோமைத் திறந்தால் ஒழுங்காகத் திறக்கிறது. முகப்புத் திரையில் உள்ள குரோம் படத்தைச் சொடுக்கித் திறந்தால் மட்டும் அந்தப் பழைய தேடல் பக்கம் வருகிறது.

கணிமேசை எழுதியது:

அந்தப் படத்தின் மீது வலப்பொத்தானை அழுத்திப் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். குரோமின் கோப்புப் பெயரோடு மேற்கோள் குறி முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு அத்தளத்தின் முகவரி ஒட்டியிருக்கும். அந்தக் குறுக்குவழியை (ஷார்ட்கட்) அழித்துவிட்டு, ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பணிப்பட்டையில் குரோமைப் பொருத்தியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். அது தனிக் கோப்பு, முகப்புத் திரையில் மாற்றியதால் அங்கே மாறாது.