வான்கோமைசின் மாத்திரையாக வராதா?

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ரத்தக் குழாய் வழியாக மெதுவாக ஏற்றுகிறார்கள். மாத்திரை கொடுத்தால் வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமே?

மருந்தாளர்:
தங்கச்சி, அது கிளைக்கோபெப்டைடு. பெப்டைடில், அதாவது அமினோ அமிலச் சங்கிலியில், சர்க்கரை ஒட்டிய பெரிய மூலக்கூறு, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போதுமான அளவு போகாது. வாய்வழி கொடுப்பது சி. டிஃபிசில் போன்ற குடல் தொற்றுக்குத்தான். ரத்தத்தில் ஏற்றினால், கிருமி தன் சுவருக்கு வைத்திருக்கும் செங்கல்லின் நுனியில் உள்ள இரண்டு டி-அலனின் என்ற அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும், சுவர் எழும்பாது. என்ன அழகான வேலை! 1950களில் போர்னியோ மண்ணில் கிடைத்தது, சிங்கப்பூரில் இருக்கும் நமக்குப் பக்கத்துத் தீவு.

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு நீரிழிவு, அண்ணே. அந்தச் சர்க்கரை?

மருந்தாளர்:
மிகக் கொஞ்சம், கவலை வேண்டாம். சிறுநீரகத்துக்குக் கெடுதல் வராமல் இருக்க ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

முன்னாள் தாதி:
ஏற்றும்போது உடம்பு சிவந்து அரித்தால் உடனே தாதியைக் கூப்பிடும்மா. வேகத்தைக் குறைப்பார்கள்.