சமோவா சர்வர்: மணி சரி, தேதி மட்டும் ஒரு நாள் பின்னால் – உதவி தேவை

அலைமகன்: வணக்கம். சமோவாவின் ஆப்பியாவில் ஒரு தங்கும் விடுதிக்கு முன்பதிவு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். நான் இருப்பது நியூசிலாந்தின் ஆக்லாந்தில். புது சர்வருக்கு மாறியதிலிருந்து ரசீதில் மணி துல்லியமாக வருகிறது, தேதி மட்டும் ஒரு நாள் பின்னால். ஞாயிறு காலை அறை எடுத்தவருக்குச் சனிக்கிழமை என்று அச்சாகிறது. சர்வரின் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு ரசீதையும் கையால் திருத்திக் கொடுக்கிறார்கள், பாவம்.

பவளத்திட்டு: நேர மண்டலத்துக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறது?

அலைமகன்: 'பசிபிக்/சமோவா'.

பவளத்திட்டு: அதுதான் சிக்கல். அந்தப் பெயர் பக்கத்துத் தீவான அமெரிக்க சமோவாவின் 'பசிபிக்/பாகோ_பாகோ'வுக்கு மாற்றுப்பெயர். அங்கே யூடிசி (உலகப் பொது நேரம்) −11, ஆப்பியாவில் +13. இடைவெளி சரியாக 24 மணி நேரம். அதனால்தான் மணி பொருந்துகிறது, தேதி பொருந்தவில்லை. 2011 வரை இரண்டு சமோவாவுக்கும் ஒரே தேதி. ஆப்பியாவில் வெள்ளி என்றால் ஆக்லாந்தில் சனி. ஆப்பியா ஞாயிறு தேவாலயத்தில் இருக்கும்போது சிட்னியில் திங்கள் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வியாபாரம் போகிறது என்று, ஆப்பியா இருக்கும் சமோவாவில் மட்டும் 2011 டிசம்பர் 29 வியாழனை அடுத்து நேராக 31 சனிக்குப் போய்விட்டார்கள். பக்கத்திலுள்ள டோக்கெலா தீவுகளும் கூடவே மாறின. 'பசிபிக்/ஆப்பியா' என்று மாற்றிப் பாருங்கள்.

அலைமகன்: நேரடியாக +13 என்று எண்ணே போட்டுவிட்டால்?

நங்கூரம்: வேண்டாங்க. 2011 மாற்றத்துக்கு முந்தைய பதிவுகள் எல்லாம் ஒரு நாள் முன்னால் காட்டும். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அந்த வரலாறு முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, 'இடிசி/ஜிஎம்டி' வகைப் பெயர்களில் கூட்டலும் கழித்தலும் தலைகீழ்: −13 என்று எழுதினால்தான் +13 கிடைக்கும். பலரைக் கவிழ்த்த இடம் அது.

அலைமகன்: மாற்றிவிட்டேன், தேதி சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் சமையலறைக்கு ஆர்டர் அச்சடிக்கும் பழைய ஜாவா நிரல் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் காட்டுகிறது. இது முன்பும் வரும், ஏப்ரலில் தானாகப் போய்விடும்.

நங்கூரம்: சமோவா கோடைக்கால நேரத்தை (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது) 2021இல் கைவிட்டது. அதற்கு முன் செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை +14. உங்கள் பழைய ஜாவா இன்னும் அதையே பின்பற்றுகிறது. ஜாவா தனக்கென்று தனி மண்டலப் பட்டியல் வைத்திருக்கும், சர்வரை அப்டேட் செய்தாலும் அது மாறாது. ஜாவாவையே புதுப்பியுங்கள். டாக்கர் இமேஜ் (நிரலை அதன் தேவைகளோடு சேர்த்துக் கட்டிய பொதி) இருந்தால் அதற்குள்ளும் நேர மண்டலத் தரவுத் தொகுப்பான டிஇசட்டேட்டா 2021பி அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள்.

பவளத்திட்டு: ஏற்கனவே தவறாகப் பதிவானவற்றைத் திருத்தும் முன், டேட்டாபேஸில் யூடிசியில் சேமித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் தொடவே வேண்டாம், இனி சரியாகவே காட்டும். உள்ளூர் நேரத்தில் சேமித்திருந்தால், சர்வர் மாறிய பின் பதிவானவற்றுக்கு மட்டும் ஒரு நாள் கூட்டுங்கள்.